மை டியர் குட்டிச்சாத்தான்

மை டியர் குட்டிச்சாத்தான் 1984 ஆம் ஆண்டு ஆகத்து 24 அன்று வெளிவந்த மலையாளத் திரைப்படமாகும். இந்தியாவில் எடுக்கப்பட்ட முதலாவது முப்பரிமாணத் திரைப்படம் இதுவே. கேரள நாட்டார் நம்பிக்கைகளில் இடம்பெறும் குட்டிச்சாத்தான் என்னும் சிறு தெய்வத்தை மையமாகக் கொண்டு, சிறுவர்கள் குடும்பத்துடன் காணத்தக்க கற்பனைக் கதையாக இது உருவாக்கப்பட்டது. நவோதயா அப்பச்சன் தயாரித்த இத்திரைப்படத்தை அவரது மகன் ஜிஜோ புன்னூஸ் இயக்கினார். தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்திலுள்ள பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா இசையமைத்தார். தமிழில் அதே பெயரில் மொழிமாற்றம் செய்யப்பட்ட இப்படம், 2010 இல் புதிய காட்சிகள் சேர்க்கப்பட்டு சுட்டிச் சாத்தான் என்ற பெயரிலும் வெளியானது.

படத் தகவல்கள்

இயக்கம்: ஜிஜோ புன்னூஸ்
தயாரிப்பு: நவோதயா அப்பச்சன்
திரைக்கதை, வசனம்: ரகுநாத் பலேரி
நடிப்பு: கொட்டாரக்கர ஸ்ரீதரன் நாயர், தலீப் தாகில், ஆலும்மூடன், ஜகதி ஸ்ரீகுமார், எம். டி. ராமநாத், பேபி சோனியா, மாஸ்டர் அரவிந்த், மாஸ்டர் சுரேஷ், மாஸ்டர் முகேஷ்
இசை: இளையராஜா
ஒளிப்பதிவு: அசோக் குமார்
படத்தொகுப்பு: டி. ஆர். சேகர்
கலை இயக்கம்: கே. சேகர்
மொழி: மலையாளம்

பெயரும் நாட்டார் பின்னணியும்

தமிழ் வாசகர்கள் பலர் "சாத்தான்" என்னும் சொல்லைக் கண்டவுடன் கிறித்தவ, இசுலாமிய சமய நூல்களில் வரும் தீய சக்தியை எண்ணிக் கொள்வதுண்டு. இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். சமய நூல்களில் வரும் சாத்தான் எபிரேய மொழியிலிருந்து வந்தது. குட்டிச்சாத்தானில் உள்ளதோ "சாத்தன்" என்னும் பழைய தென்னிந்தியப் பெயராகும். மலையாள எழுத்தில் இவ்விரு சொற்களும் வெவ்வேறு முதலெழுத்துகளைக் கொண்டு தொடங்குவதால் அங்கே குழப்பம் எழுவதில்லை. தமிழில் இரண்டிற்கும் ஒரே சகரம் பயன்படுவதால் இரண்டும் ஒன்றாகத் தோற்றமளிக்கின்றன.

சாத்தன் என்பது சங்க காலம் தொட்டுத் தமிழில் வழங்கிவரும் ஆட்பெயருமாகும். மணிமேகலையை இயற்றிய சீத்தலைச் சாத்தனாரின் பெயரிலும் இச்சொல் உள்ளது. சிலப்பதிகாரத்தில் பாசண்டச் சாத்தன் என்னும் தெய்வம் பற்றிய கிளைக்கதை ஒன்று வருகிறது. மாலதி என்பவள் மாற்றாளின் குழந்தைக்குப் பால் புகட்டும்போது அக்குழந்தை விக்கி இறந்து விடுகிறது. அவள் துயரத்தைக் கண்ட சாத்தன், தானே அக்குழந்தையின் வடிவம் எடுத்து அவ்வீட்டில் வளர்கிறான். பின்னர் தேவந்தி என்பவளை மணந்து வாழ்கிறான். சில ஆண்டுகள் கழித்துத் தன் உண்மை வடிவைக் காட்டிவிட்டு அவளைப் பிரிந்து செல்கிறான். குழந்தை வடிவில் மனிதரிடையே வந்து, துயரைத் தீர்த்து, பின்னர் பிரிந்து போகும் சாத்தன் என்னும் கருத்து தமிழ் இலக்கியத்தில் மிகப் பழமையானது என்பதை இதனால் அறியலாம். இத்திரைப்படம் அக்கதையிலிருந்து எடுக்கப்பட்டதன்று. எனினும் இரண்டிற்கும் இடையேயான ஒற்றுமை குறிப்பிடத்தக்கது.

கேரளத்தில் குட்டிச்சாத்தான் வழிபாடு வெவ்வேறு வடிவங்களில் காணப்படுகிறது. வடமலபாரில் குட்டிச்சாத்தான் தெய்யமாக ஆடப்படுகிறார். சிவனுக்கும் பழங்குடிப் பெண் வடிவில் இருந்த பார்வதிக்கும் பிறந்தவர் என்றும், காளகாட்டு இல்லம் என்னும் நம்பூதிரிக் குடும்பத்தில் வளர்ந்தவர் என்றும் தொன்மக்கதை கூறுகிறது. அடங்காத அச்சிறுவனை இல்லத்துத் தலைவர் வெட்டித் தீயில் இட, அத்தீயிலிருந்து எண்ணற்ற சாத்தன்கள் தோன்றியதாக அக்கதை முடிகிறது. திருச்சூர் மாவட்டத்தில் பெரிங்ஙோட்டுகரை முதலிய இடங்களில் விஷ்ணுமாயா என்ற பெயரில் சாத்தன் வழிபடப்படுகிறார்.

இவ்வழிபாட்டிற்கு வெளியே, பொதுமக்களிடையே உள்ள நம்பிக்கை சற்று வேறானது. மந்திரவாதிகள் குட்டிச்சாத்தானைக் கட்டி வைத்து ஏவல் வேலைகளுக்குப் பயன்படுத்துவர் என்பதே அந்நம்பிக்கை. இரவில் வீட்டின்மேல் கற்கள் விழுதல், உணவில் அழுக்கு சேர்தல், துணி தானே தீப்பற்றுதல் முதலியன சாத்தான் வேலைகளாகக் கருதப்பட்டன. தமிழ்நாட்டிலும் "குட்டிச்சாத்தான் வேலை" என்னும் வழக்கு உள்ளது. அடங்காத குழந்தைகளைக் குட்டிச்சாத்தான் என்று வீடுகளில் செல்லமாகத் திட்டுவதும் உண்டு. தமிழ் நாட்டார் மரபில் குறளி என்னும் குள்ள ஆவி இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது. கண்கட்டு வித்தையைக் குறளி வித்தை என்று அழைப்பது இதிலிருந்து வந்ததேயாகும்.

கதைச்சுருக்கம்

(குறிப்பு: இப்பகுதியில் கதையின் முடிவும் தரப்பட்டுள்ளது.)

கொடிய மந்திரவாதி ஒருவன் குட்டிச்சாத்தானைத் தன் அடிமையாகக் கட்டி வைத்திருக்கிறான். தற்செயலாக அவனிடமிருந்து பிரியும் சாத்தான், சிறுவர்கள் சிலரோடு நட்புக் கொள்கிறான். இலட்சுமி என்னும் சிறுமியும் அவளுடைய நண்பர்களும் அவனைக் கண்டு அஞ்சுவதில்லை. விளையாட்டுத் தோழனாகவே ஏற்றுக் கொள்கின்றனர். அவனும் தன் மாயசக்திகளை அவர்களுக்காகப் பயன்படுத்துகிறான். சுவரிலும் கூரையிலும் அவர்களை நடக்க வைக்கிறான்.

இலட்சுமியின் தந்தை குடிக்கு அடிமையானவர். சிறுமிக்கு வீட்டில் உள்ள இத்துன்பமே கதையின் மற்றொரு இழை. மனிதர்கள் குடிக்கும் மதுவைக் குட்டிச்சாத்தான் வரம்பின்றிக் குடித்துத் தீர்க்கும் காட்சிகள் நகைச்சுவைக்காக அமைக்கப்பட்டவை போலத் தோன்றினாலும், தந்தையின் பழக்கத்தோடு அவை தொடர்புடையன. இதற்கிடையில், புதையல் ஒன்றை அடைய விரும்பும் மந்திரவாதி, சாத்தானை மீண்டும் தன் கட்டுக்குள் கொண்டுவர முயல்கிறான். சிறுமிக்கும் அவனால் ஆபத்து நேர்கிறது. இறுதியில் மந்திரவாதி அழிகிறான். விடுதலை பெற்ற சாத்தான் தன் நண்பர்களைப் பிரிந்து செல்கிறான்.

பெரியவர்கள் சாத்தானை அச்சத்துடனோ பேராசையுடனோ மட்டுமே அணுகுகின்றனர். அவனிடம் எதையும் கேட்காமல் பழகுபவர்கள் குழந்தைகள் மட்டுமே. படத்தின் மையக் கருத்து இதுவாகும். நாட்டார் நம்பிக்கையில் உள்ள ஏவல், கட்டு, புதையல் ஆகிய அனைத்தும் படத்தில் இடம்பெற்றுள்ளன. ஆனால் கதை சாத்தானை வெல்வது பற்றியதன்று, அவனை விடுவிப்பது பற்றியது.

தயாரிப்பு

அப்பச்சனின் நவோதயா நிறுவனம் புதிய தொழில்நுட்பங்களை மலையாளத் திரைக்குக் கொண்டுவந்ததில் பெயர் பெற்றது. 1978 இல் வெளியான தச்சோளி அம்பு மலையாளத்தின் முதல் சினிமாஸ்கோப் படமாகும். 1982 இல் ஜிஜோ இயக்கிய படயோட்டம் முழுவதும் இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முதல் 70 மி.மீ. படமாகும். அதற்கடுத்த முயற்சியாக ஜிஜோ முப்பரிமாணப் படத்தைத் தேர்ந்தெடுத்தார்.

அமெரிக்காவில் 1950களில் ஒருமுறை பெருகி மறைந்த முப்பரிமாணப் படங்கள், 1980களின் தொடக்கத்தில் மீண்டும் வரத் தொடங்கியிருந்தன. 1983 இல் வெளியான ஜாஸ் படத்தின் மூன்றாம் பாகம் இதற்கு எடுத்துக்காட்டு. இவற்றுள் பெரும்பாலானவை திகில் படங்களாகவோ வன்முறை மிகுந்த படங்களாகவோ இருந்தன. நவோதயா குழுவினர் அவ்வழியில் செல்லாமல் சிறுவர்களுக்கான கதையைத் தேர்ந்தெடுத்தனர். கதாநாயகனாக நடிக்கப் புகழ்பெற்ற நட்சத்திரம் எவரையும் சேர்க்கவில்லை. கதையின் சுமை முழுவதும் குழந்தை நடிகர்கள் மீதே வைக்கப்பட்டது. தேவையான வில்லைகள் அமெரிக்காவின் கிறிஸ் காண்டனிடமிருந்து பெறப்பட்டன.

சுழலும் அறை

குழந்தைகள் சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடந்து, மறுபக்கச் சுவர் வழியே இறங்கி வரும் பாடற்காட்சி இப்படத்தில் பெரிதும் பேசப்பட்டது. இக்காட்சியை எஸ். ஜானகி, எஸ். பி. சைலஜா ஆகியோர் பாடிய பாடலுக்குப் படமாக்கினர். கணினி வரைகலை இந்தியத் திரையுலகில் இல்லாத காலம் அது. கலை இயக்குனர் கே. சேகர் இதற்கென அறை முழுவதையும் எஃகுச் சட்டத்தினுள் அமைத்தார். அச்சட்டத்தை அச்சில் சுழற்ற இயலும்.

இதன் செயற்பாடு எளிமையானது. படக்கருவி அறையின் தரையோடு சேர்த்துப் பிணைக்கப்பட்டிருக்கும். அறை சுழலும்போது படக்கருவியும் உடன் சுழலும். ஆகையால் படத்தில் அறை அசையாதது போலவே தோன்றும். நடிப்பவர்கள் மட்டும் புவியீர்ப்புக்கு ஏற்ப எப்போதும் கீழ்ப்பக்கமாக வரும் பரப்பின் மீது நடந்து செல்வர். பார்ப்பவர்களுக்கு அவர்கள் சுவரில் ஏறுவதாகத் தெரியும். அறையிலுள்ள பொருள்கள் அனைத்தும் இறுகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். தொங்கும் திரைச்சீலை ஒன்று அசைந்தாலும் உண்மை வெளிப்பட்டுவிடும். 1951 இல் வெளியான ராயல் வெட்டிங் என்னும் அமெரிக்கப் படத்தில் பிரெட் அஸ்டேர் கூரையில் நடனமாடிய காட்சியும் இம்முறையிலேயே எடுக்கப்பட்டது.

முப்பரிமாணத் தொழில்நுட்பம்

மனிதரின் இரு கண்களும் சுமார் 6.5 செ.மீ. இடைவெளியில் அமைந்துள்ளன. ஆகையால் ஒவ்வொரு கண்ணும் ஒரே பொருளைச் சற்று மாறுபட்ட கோணத்தில் காண்கிறது. மூளை இவ்விரு தோற்றங்களையும் இணைத்து ஆழத்தை உணர்கிறது. முப்பரிமாணப் படத்தில் இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் உரிய இரு படங்கள் தனித்தனியே பதிவு செய்யப்படுகின்றன.

1980களில் வழங்கிய ஒற்றைச் சுருள் முறையில், 35 மி.மீ. படச்சுருளின் ஒவ்வொரு சட்டகத்திலும் இரண்டு அகன்ற படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியப்பட்டன. திரையரங்கில் படவீழ்த்தியின் முன் பொருத்தப்படும் சிறப்பு வில்லை இவ்விரண்டையும் பிரித்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு திசையில் முனைவாக்கி, திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக விழச் செய்யும். பார்வையாளர் அணியும் கண்ணாடியின் இரு வில்லைகளும் அதே இரு திசைகளில் முனைவாக்கப்பட்டவை. எனவே ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய படம் மட்டுமே சென்றடையும்.

இம்முறையில் திரையரங்குகள் சில சிக்கல்களைச் சமாளிக்க வேண்டியிருந்தது.

திரை: சாதாரண வெள்ளைத் திரையில் பட்டுத் திரும்பும் ஒளி முனைவாக்கத்தை இழந்துவிடும். அப்போது இரு படங்களும் கலந்து தெரியும். ஆகையால் உலோகப் பூச்சுள்ள வெள்ளித்திரை தேவைப்பட்டது.

வெளிச்சம்: முனைவாக்கி வில்லைகள் ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன. எனவே படவீழ்த்தியின் விளக்கு வழக்கத்தைவிட ஆற்றல் மிக்கதாக இருத்தல் வேண்டும்.

படச்சுருள் ஒட்டு: அறுந்த சுருளை ஒட்டும்போது அரைச் சட்டகம் பிசகினாலும் இடக்கண் படம் வலக்கண்ணுக்கும், வலக்கண் படம் இடக்கண்ணுக்கும் மாறிவிடும். பார்வையாளருக்குக் கண்வலியே மிஞ்சும்.

தலைச்சாய்வு: நேர்கோட்டு முனைவாக்கக் கண்ணாடி அணிந்தவர் தலையைச் சாய்த்தால் படம் இரட்டையாகத் தெரியும்.

திரையிலிருந்து பார்வையாளரை நோக்கி நீளும் பொருள்கள் படத்தில் பல இடங்களில் பயன்படுத்தப்பட்டன. குழந்தைகள் கையை நீட்டித் தொட முயன்ற ஐஸ்கிரீம் காட்சி இவற்றுள் பலராலும் நினைவுகூரப்படுவது. இவை வெறும் வேடிக்கையாக நின்றுவிடாததற்குக் கதையே காரணம். சாத்தான் மாயம் செய்பவன் என்பதால், பொருள்கள் திரையை விட்டு வெளியே வருவது அவன் இயல்போடு பொருந்தி விடுகிறது.

கண்ணாடியும் மெட்ராஸ் ஐ புரளியும்

இப்படத்திற்கு வழங்கப்பட்ட கண்ணாடிகள் காட்சி முடிந்ததும் திரும்பப் பெறப்பட்டு, அடுத்த காட்சிக்கு வருவோருக்கு அளிக்கப்பட்டன. படம் வெளியாகிச் சில நாட்களில், இக்கண்ணாடிகளால் தென்னிந்தியாவில் மெட்ராஸ் ஐ என்று அழைக்கப்படும் கண்நோய் பரவுகிறது என்ற பேச்சு எழுந்தது. குழந்தைகளுக்கான படம் என்பதால் பெற்றோர் அஞ்சினர்.

மெட்ராஸ் ஐ என்பது விழிவெண்படல அழற்சியாகும். நோயுற்றவரைப் பார்ப்பதால் இது பரவும் என்பது தவறான நம்பிக்கை. கைகள், துண்டு, கண்ணாடி போன்றவற்றில் படும் கண்ணீர்க் கசிவு வழியாகவே இது பரவுகிறது. ஆகவே தூய்மை செய்யப்படாத பொதுக் கண்ணாடி குறித்த அச்சம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. முறையாகத் தூய்மை செய்தால் அந்த ஆபத்து நீங்கும். ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் கண்ணாடிகள் தூய்மை செய்யப்படுகின்றன என்பதை விளக்கும் சிறு படம் ஒன்றைத் தயாரிப்பாளர் எடுத்துப் படத்தின் முன்னே இணைத்தார். பிரேம் நசீர், அமிதாப் பச்சன், ஜிதேந்திரா, ரஜினிகாந்த், சிரஞ்சீவி ஆகியோர் இதில் தோன்றினர். நட்சத்திரங்கள் இன்றி எடுக்கப்பட்ட படத்திற்கு, மக்களின் ஐயத்தைப் போக்க நட்சத்திரங்களின் உதவி தேவைப்பட்டது எனலாம்.

விருது

32 ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான விருது சோனியா, அரவிந்த், சுரேஷ், முகேஷ் ஆகிய நால்வருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. சோனியா பின்னாளில் தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார்.

கம்பம் பள்ளத்தாக்குடனான தொடர்பு

இப்படம் வெளியான காலத்தில் உத்தமபாளையம் பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1996 இல் தேனி மாவட்டம் பிரிக்கப்பட்டது. உத்தமபாளையத்திலிருந்து கம்பம், கூடலூர் வழியாகச் செல்லும் சாலை, மலையேறிக் குமுளியில் கேரள எல்லையைத் தொடுகிறது. இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோரும், சபரிமலைக்குச் செல்லும் பக்தர்களும் இவ்வழியைப் பயன்படுத்துகின்றனர். சபரிமலையில் உறையும் சாஸ்தாவின் பெயரைச் சாத்தன் என்னும் பெயரோடு தொடர்புபடுத்துவோர் உள்ளனர். மலைக்கு அப்பாலுள்ள மந்திரவாதிகள் பற்றிய கதைகள் தமிழ்நாட்டில் "மலையாள மாந்திரீகம்" என்ற பெயரில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. அதே மலையாள மாந்திரீகத்தை இத்திரைப்படம் குழந்தையின் கண்கொண்டு காட்டியது.

இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இப்பள்ளத்தாக்கின் மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ளது. 1976 இல் அன்னக்கிளி மூலம் தமிழில் அறிமுகமான அவர், 1984 ஆம் ஆண்டளவில் தென்னிந்திய மொழிகள் பலவற்றில் இசையமைத்து வந்தார்.

அயர்லாந்து நாட்டார் கதைப் படத்துடன் ஒப்பீடு

நாட்டார் கதைகளில் வரும் குள்ள மாயாவிகளைக் கொண்டு குடும்பப் படங்கள் எடுப்பது பிற நாடுகளிலும் உண்டு. வால்ட் டிஸ்னி நிறுவனம் 1959 இல் வெளியிட்ட டார்பி ஓ'கில் அண்டு தி லிட்டில் பீப்பிள் இவ்வகையில் புகழ்பெற்றது. இராபர்ட் ஸ்டீவன்சன் இயக்கிய இப்படம், எர்மினி டெம்பிள்டன் கவனா எழுதிய கதைகளை அடிப்படையாகக் கொண்டது. அயர்லாந்து மக்களின் நம்பிக்கையில் லெப்ரிகான் எனப்படும் குள்ளர்கள் தங்கப் புதையலை மறைத்து வைத்திருப்பர். அவர்களைப் பிடிப்பவருக்கு வரம் கிடைக்கும்.

இரு படங்களுக்கும் இடையே சில ஒற்றுமைகள் உள்ளன. இரண்டிலும் புதையல் ஆசை உண்டு. இரண்டிலும் மாயாவி மதுவில் நாட்டமுள்ளவன். டார்பி என்னும் முதியவர் குள்ளர்களின் அரசனை விடியும் வரை குடிக்க வைத்தே பிடித்து வைக்கிறார். விடிந்தால் அரசனின் சக்தி குறைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். தொழில்நுட்பத்திலும் ஒற்றுமை உண்டு. டிஸ்னி படத்தில் நடிகர்களைப் படக்கருவியிலிருந்து வெவ்வேறு தொலைவுகளில் நிற்க வைத்து, ஒருவரைப் பெரியவராகவும் மற்றவரைக் குள்ளராகவும் காட்டினர். சுழலும் அறையைப் போலவே இதுவும் படப்பிடிப்புத் தளத்திலேயே நிகழ்த்தப்பட்ட வித்தையாகும்.

வேறுபாடு ஒன்றுண்டு. அயர்லாந்துக் கதையில் மனிதரும் மாயாவியும் ஏறத்தாழச் சமமானவர்கள். ஒருவரையொருவர் தந்திரத்தால் வெல்லப் பார்க்கின்றனர். குட்டிச்சாத்தானோ அடிமை. அவனுக்கு வேண்டியது வெற்றியன்று, விடுதலை.

மறுவெளியீடுகளும் தாக்கமும்

இப்படத்தின் வெற்றியைத் தொடர்ந்து 1985 இல் பல முப்பரிமாணப் படங்கள் வெளியாயின. விஜயகாந்த் நடித்த அன்னை பூமி தமிழில் எடுக்கப்பட்ட முதல் முப்பரிமாணப் படமாகும். மலையாளத்தில் பௌர்ணமி ராவில், இந்தியில் சிவா கா இன்சாப் ஆகியனவும் அவ்வாண்டில் வந்தன. எனினும் அந்த அலை விரைவில் ஓய்ந்தது.

குட்டிச்சாத்தான் பலமுறை திரைக்குத் திரும்பியது.

1997 – மலையாளத்தில் மறுவெளியீடு.
1998 – ஊர்மிளா மதோந்த்கர் தோன்றும் காட்சிகள் சேர்க்கப்பட்டு, சோட்டா சேத்தன் என்ற பெயரில் இந்தியில் வெளியீடு.
2010 – பிரகாஷ் ராஜ், சந்தானம் ஆகியோர் நடித்த காட்சிகள் சேர்க்கப்பட்டு, சுட்டிச் சாத்தான் என்ற பெயரில் தமிழில் வெளியீடு.
2011 – மலையாளத்தில் மீண்டும் மறுவெளியீடு.

நவோதயா அப்பச்சன் 2012 இல் காலமானார். புதையல் காக்கும் பூதத்தைப் பற்றி ஜிஜோ எழுதிய கதையை அடிப்படையாகக் கொண்ட பரோஸ் என்னும் முப்பரிமாணப் படம், மோகன்லாலின் இயக்கத்தில் 2024 திசம்பர் 25 அன்று வெளியானது. மோகன்லாலை நடிகராக அறிமுகப்படுத்திய மஞ்ஞில் விரிஞ்ஞ பூக்கள் (1980) படத்தைத் தயாரித்ததும் நவோதயா நிறுவனமே.

துணுக்குகள்

- சென்னை தாம்பரம் அருகே 1995 இல் தொடங்கப்பட்ட கிஷ்கிந்தா பொழுதுபோக்குப் பூங்காவை நிறுவியவர் இப்படத்தின் தயாரிப்பாளர் அப்பச்சனே.
- ஒளிப்பதிவாளர் அசோக் குமார், மகேந்திரன் இயக்கிய நெஞ்சத்தைக் கிள்ளாதே (1980) படத்திற்காகத் தேசிய விருது பெற்றவர்.
- இப்படத்தில் உதவி இயக்குனராகப் பணியாற்றிய டி. கே. ராஜீவ் குமார், பின்னர் சாணக்யன் (1989) மூலம் இயக்குனரானார்.